நான் ஜெயித்த பட்டிமன்றம்

போன ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் ஒரு பட்டிமன்றம். 'தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்த முதலாளிக்குத் தாராள உரிமை வேண்டுமா, வேண்டாமா?' என்று தலைப்பு. 'வேண்டாம்' அணிக்கு ஆள் நிரம்பிவிட்டதால் என்னை 'வேண்டும்' அணியில் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு இதில் சொந்த அபிப்பிராயம் உண்டா? கிடையாது. பட்டிமன்றத்துக்கு அது தேவையும் இல்லை. எந்தப் பக்கம் கொடுத்தாலும் இருபது நிமிஷம் பேசுவேன். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

விளாசினேன். ஒரு சோம்பேறியை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் மெமோ, விசாரணை, லேபர் ஆபீஸ், கோர்ட்... அதற்குள் முதலாளியே ரிடையர் ஆகிவிடுவார் என்றேன். போதாக்குறைக்குப் புதுச் சட்டம் வேறு — பெரிய ஆலைகளில் ஆளைக் குறைக்க சர்க்காரைக் கேட்க வேண்டுமாம். சபையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். சட்டம் பேசினால் அப்படித்தான். உடனே கதைக்குத் தாவினேன்.

"மகாபலிபுரத்தில் ஓர் ஓட்டல். சாம்பார் கேட்கிறேன். சர்வர் தூணில் சாய்ந்து, கையில் வாளியோடு, நின்றபடியே தூங்குகிறார். பல்லவர் காலத்துச் சிலை ஒன்றை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று, நானும் பேசாமல் மோருக்குப் போய்விட்டேன்!"

சபை குலுங்கியது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீர்ப்பு எங்கள் பக்கம். கூட்டம் முடிந்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் வந்து, "பிரமாதம் சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரென்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டு வருகிறேன். வீட்டு வாசலில் ஒருவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கேயோ பார்த்த முகம்.

"சார், நான் கரீம். மாபலிபுரம் ஓட்டல்ல சர்வரு. நீங்ககூட வந்து சாப்ட்டுகினு போவீங்களே... வூடு எதுன்னு விசாரிச்சிகினு வந்தேன்."

சாம்பார் வாளிக்காரர்!

என் கையைக் குலுக்கியவர்தான் அந்த ஓட்டலின் முதலாளி என்று கரீம் பாய் சொல்லித்தான் தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் பாயைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டேன் சார். நீ தூங்கறத சொல்லி செங்கல்பட்டே சிரிக்குதுன்னாரு. தூங்கினது நெசந்தான், இல்லன்னு சொல்லல. கூட இருந்த ஆள நிறுத்திட்டாரு. ஆறு மாசமா ரெண்டாளு வேலைய நான் ஒருத்தனே பாத்துகினு கீறேன். நின்னாக்க கண்ணு சொருவிக்குது... இன்னா பண்றது?"

எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்டேன். பதினோரு வருஷம். மெமோ கொடுத்தார்களா, விசாரணை உண்டா? கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"அதெல்லாம் இன்னா சார்? வராதன்னாரு. வந்துட்டேன்."

மேடையில் ஆறு பேர் உட்கார்ந்து கிழித்தோமே — ஆளை நிறுத்துவது எளிதாக இருக்க வேண்டுமா, கஷ்டமாக இருக்க வேண்டுமா என்று! இதைவிட எளிதாக எப்படி ஐயா நிறுத்துவது? நாங்கள் அலசிய சட்டங்களுக்கும் கரீம் பாய்க்கும் அறிமுகமே கிடையாது. எங்கள் அணியும் அவரைப் பற்றிப் பேசவில்லை, எதிரணியும் பேசவில்லை. எங்கேயோ இருக்கும் ஓர் ஆலைத் தொழிலாளிக்காக இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தினோம். ரத்தமும் சதையுமாக எனக்குத் தெரிந்த ஒரே தொழிலாளியைக் கைதட்டலுக்கு விற்றுவிட்டேன்.

பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அது வேற ஓட்டலு, வேற ஆளுன்னு நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். பொண்ணுக்கு நிச்சயம் ஆயிகீது. வேல பூட்ச்சுன்னு மாப்ள வூட்ல தெரிஞ்சா பேஜாராப் பூடும்."

வியாழக்கிழமை போனேன். பாய் உள்ளே வரவில்லை. எதிர்ச்சாரியில் சங்கு மாலைக் கடையோரம் நின்றுகொண்டார்.

முதலாளி எழுந்து வரவேற்றார். காப்பி வந்தது. கொண்டுவந்தவர் புது ஆள்.

"அந்த சர்வர்... அது உங்க ஓட்டல் இல்லீங்க," என்றேன்.

"வேற ஓட்டலா? இருக்கட்டும் சார். நீங்க சொன்ன பாயிண்ட் சரிதானே?"

"பாயிண்டும்... மேடைக்காகச் சொன்னதுதான்."

சிரித்தார். "அத்தினி பேர் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். இப்ப வந்து சும்மா சொன்னேன்றீங்க. எதை சார் நம்பறது? அதுவுமில்லாம ஆள் போட்டாச்சு. பாயைத் திரும்பி எடுத்தா இவனை நிறுத்தணும். ஒரு தப்பும் பண்ணாதவனை நிறுத்தறது பாவம் இல்லியா?"

காப்பியைக் குடித்து முடித்தேன். எழுந்தேன். வாசல்வரை வந்தவர், மரியாதையாகத்தான் கேட்டார்:

"இன்னிக்கு வியாழக்கிழமை ஆச்சே... ஆபீஸ் இல்லையா சார்?"

இருந்தது. காலையில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறியிருந்தேன். எதிர்ச்சாரியிலிருந்து பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம் — எனக்கு சர்க்கார் உத்தியோகம்.