இடது சீட்டு பிரேக்

உத்தமபாளையத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் நத்தர்ஷாவிடம் கற்றவர்கள். மீதிப் பேர் செய்வதை ஓட்டுவது என்றே அவர் ஒப்புக்கொள்வதில்லை. அவருடைய டிரைவிங் ஸ்கூல் காரில் இடது சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் பதறிப்போய் முழிக்கும்போது, பக்கத்தில் இருக்கும் நத்தர்ஷா சத்தமில்லாமல் அதை மிதித்துவிடுவார். வண்டி நின்றதும், "பிரேக்கு பிரமாதம்" என்று பாராட்டுவார். தைரியம் வர வேண்டுமே! அந்தத் தைரியத்தில் தனியாகப் போய் வேப்பமரத்தில் முட்டியவர்களும் உண்டு. அதற்கெல்லாம் ஸ்கூல் பொறுப்பில்லை.

இப்போது அவருக்குப் பார்கின்சன் நோய். கை நடுங்குகிறது. கால், சொன்ன பேச்சை யோசித்துத்தான் கேட்கிறது. "கைதான நடுங்குது, வண்டியா நடுங்குது?" என்று வாதாடிப் பார்த்தார். மனைவி ஷரீபா கார் சாவியை இடுப்பில் செருகியபடியே தொழவும் போனாள். ஸ்கூலை இப்போது நடத்துகிற மகள் ரெஹானாதான் கடைசியில் ஒரு வழி சொன்னாள்.

"அத்தா, நீங்க ஓட்டுங்க. ஆனா ஸ்கூல் காருலதான். பக்கத்துல நான் இருப்பேன்."

ஊருக்கே சொல்லிக்கொடுத்த மனிதர் 'எல்' போர்டு மாட்டிய வண்டியில் கம்பத்துக்குக் கிளம்பினார். அவமானம்தான். ஆனாலும் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. கூடலூர் வரைக்கும்கூடப் போகலாம் என்றார்.

அனுமந்தன்பட்டி தாண்டியதும், வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் ஒன்று தோப்புக்குள்ளிருந்து திடுதிப்பென்று ரோட்டில் ஏறியது. கார் ஒரு முழம் தள்ளி நின்றது.

பின் சீட்டில் ஓதிக்கொண்டே வந்த ஷரீபா நிமிர்ந்தாள். "பாத்தியா, ஒங்க அத்தாவுக்கு ஒண்ணுமில்ல. நாமதான் பயந்துட்டோம்."

"பிரேக்கு பிரமாதம் அத்தா" என்றாள் ரெஹானா.

நத்தர்ஷா குனிந்து தன் காலைப் பார்த்தார். அது அப்போதுதான் ஆக்சிலேட்டரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. எத்தனை பேரிடம் சொன்ன வார்த்தை! அவர்களில் ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். "இங்கன வா, நீ ஓட்டு."

இடது சீட்டில் உட்கார்ந்ததும் கால் பழக்கதோஷத்தில் பிரேக்கைத் தேடியது. இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்து, சீட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பயமாகத்தான் இருந்தது. புதுப்பட்டியில் ஒரு மாடு குறுக்கே வந்தது. ரெஹானா நிறுத்தினாள்.

"பிரேக்கு பிரமாதம்" என்றார் நத்தர்ஷா. அந்த சீட்டில் உட்கார்ந்து அவர் முதல் தடவையாக நிஜத்தைச் சொன்னார்.