தூண்டில் படாத ஓராண்டு

வீட்டுக் கணக்கு: பேரரசர் ஆட்சியின் எட்டாம் ஆண்டு, பாயினி மாதம் 11. திருமணம். சீதனம் 400 திராக்மா.
ஒன்பதாம் ஆண்டு, தோத் 2. எழுதும் சுருள் ஒன்று, 4 திராக்மா.
நாற்பதாம் ஆண்டு, ஹத்தூர் 6. மீன் செலவு இன்றோடு நிறுத்தம்.

அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் ஹெரயிஸைத் தெரியாத மீன்காரி கிடையாது. எகிப்தின் மீன்கள் அனைத்தையும் பற்றி அவள் நூல் எழுதினாள். கண்ணால் பார்க்காத மீன் நூலில் ஏறாது. எழுதி முடிக்காத மீன் அடுப்பில் ஏறாது. கணவர் பமூனிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு விளக்குப் பிடிப்பார்.

“சீக்கிரம் எழுது. அது ரெண்டாந்தரம் சாகுது.”

“வாலுதாங்க பாக்கி. கொஞ்சம் பொறுங்க.”

நூற்றுப் பதினொரு மீன்கள் ஏறிவிட்டன. மிச்சம் கூர்மூக்கு மீன் ஒன்றுதான். தெற்கே ஓர் ஊரில் அது தெய்வம். கோயில் குளத்தில் நீந்தும். ஹெரயிஸ் மூன்று முறை எழுதிக் கேட்டாள். கடைசியில் பூசாரி இறங்கி வந்தார்: தூண்டில் மீனை ஓராண்டு தொடாதவர் வரலாம். அந்தத் தூண்டில் என்றைக்காவது தெய்வத்தைக் குத்தியிருந்தால்?

மீன்காரி தாயெசிஸ் விடவில்லை. “வலையில புடிச்சதா தாறேன்க்கா.”

“சத்தியம் பண்ணுவியா?”

“வித்த மீனுக்கெல்லாம் சத்தியம் பண்ணா நாக்கு மிஞ்சுமா?”

ஆகவே எல்லா மீனும் நின்றது. ஹெரயிஸுக்கு வயது அறுபது தாண்டியிருந்தது, கால்கள் வீங்கியிருந்தன. மருத்துவர் மீன்சாறு குடிக்கச் சொன்னார். “பாத்துட்டு வந்து அண்டாவோட குடிக்கிறேன்” என்றாள். பமூனிஸும் கூடவே பருப்பு தின்றார்.

“எனக்குக் காதுல பருப்புச்செடி முளைக்கப்போகுது.”

“முளைக்கட்டும். அதையும் எழுதிடறேன்.”

ஆண்டு முடிந்ததும் படகேறினாள். பமூனிஸின் முழங்கால் படகேற மறுத்தது. கரையில் நின்று கையசைத்தார்.

தீபி மாதம் 9-ஆம் நாள் படகோட்டி அவள் பையோடு வந்தான். கோயில் சத்திரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டாளாம்.

“சிரிச்ச முகமா இருந்தாங்கய்யா.”

பமூனிஸ் பையைத் தொடவில்லை. “மீனைப் பாத்தாளா?”

“தெரியலய்யா. நான் படகுலயே இருந்துட்டேன்.”

அழுகையைவிட அந்தக் கேள்விதான் அவரைத் தின்றது. ஆறு நாள் கழித்துத் துணி வியாபாரி ஒருவர் கடிதம் கொண்டுவந்தார். அவள் கையெழுத்து.

“பாத்துட்டேங்க. மூக்கு கீழ்நோக்கி வளைஞ்சிருக்கு. தண்ணியில விரலை வச்சேன், வந்து மோந்து பாத்துது. ‘ஓராண்டு பட்டினிக்கு இது போதுமா?’ன்னு பூசாரி கேட்டார். பட்டினி கிடந்தது என் புருஷன்னு சொன்னேன். நூத்திப் பன்னெண்டுன்னு நீங்களே எழுதிடுங்க.”

பமூனிஸ் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பிறகு அவள் நூலைப் பிரித்து, நூற்றுப் பன்னிரண்டாவதாகக் கூர்மூக்கு மீனை எழுதினார்.

கடிதம் வந்த நாள்: நாற்பத்தோராம் ஆண்டு, தீபி 15.