வேலிக்கு இரண்டு பக்கமும் செம்மண்

நான் பிறந்து வளர்ந்தது ராமேசுவரம் தீவில், ஒரு மீன்பிடிக் குடும்பத்தில். அய்யாவுக்குக் கடலடித் தரையெல்லாம் அத்துபடி. இந்த இடத்தில் சேறு, அந்த இடத்தில் பாறை, அதற்கப்பால் மணல் என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார். கரையில் காலுக்குக் கீழே கிடக்கும் தரையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேளாண்மைப் படிப்பில் நான் மண்ணியலை எடுத்தபோது அம்மா கேட்டாள்: "மண்ணுல படிக்கிறதுக்கு என்னடி இருக்கு?" எனக்கும் பதில் தெரியவில்லை. தெரியாததால்தான் எடுத்தேன் என்று நினைக்கிறேன்.

படித்து முடித்து மண் வரைபடம் தயாரிக்கும் வேலையில் சேர்ந்தேன். முதல் பெரிய வேலை ஆர்.எஸ்.மங்கலத்துக்கு மேற்கே, கண்மாய்த் தண்ணீர் ஏறாத மேட்டு நிலங்களில். தாழ்வான வயல்களில் நெல் நிற்கும். கொஞ்சம் ஏறினால் கருவேலமும் சிவந்த தரையும்தான். அங்கங்கே ஆளிறங்கும் அளவுக்குக் குழி வெட்டி, அதன் சுவரைப் பார்த்து மண்ணுக்குப் பெயர் வைக்க வேண்டும்.

அந்த அறிவியல் பெயர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாயில் நுழையாத நீளம். ஆனால் ஒவ்வொரு அசையும் ஒரு செய்தி. நடுவில் 'உஸ்ட்' என்று வந்தால் வருடத்தில் ஒரு பருவத்துக்கு மட்டும் நனைந்து மற்ற நாளெல்லாம் காயும் மண். கடைசியில் 'ஆல்ஃப்' என்று வந்தால், மேலிருந்த களி மழையோடு இறங்கிக் கீழே தங்கிய மண். எங்கள் சீமையின் மழையும் வெயிலும் ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

அப்படி ஒரு நாள் காலையில் கூலியாட்களை வைத்து ஒரு கொய்யாத் தோட்டத்தில் குழி வெட்டினேன். தோட்டக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் அவருக்கு வந்த பங்கு அது. தம்பி வளைகுடாவில் வேலை பார்க்கிறார்; அந்தப் பங்கைத் தம்பி மனைவி பார்த்துக்கொள்கிறார். நடுவில் ஒரு கம்பி வேலி. இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே நாற்றுப் பண்ணையில் வாங்கிய கன்றுகள். ஒரே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் கன்றுகள் கரும்பச்சையாகத் தழைத்து நின்றன. பெரியவர் பக்கத்தில் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக, நோய் கண்ட பிள்ளைகள் மாதிரி நின்றன.

"என்னய்யா இப்படி நிக்கிது?" என்று கேட்டேன்.

அவர் வேலியைப் பார்த்தார். "நான் என்னத்தச் சொல்ல. அந்தப் புள்ளைக்குப் பொறந்த ஊரு வாலிநோக்கம். அப்பன் ஆத்தா எல்லாம் உப்பளத்துல வேலை பாத்தவுக. உப்புக்கு அங்கன பஞ்சமா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. தன் கன்றுகளின் வேரில் தம்பி மனைவி உப்பைக் கொட்டிவிட்டதாக அவர் நம்புகிறார். அதற்காகவே அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார்.

நான் குழிக்குள் இறங்கினேன். மேல் மண் நல்ல சிவப்பு. ஒரு கட்டியை நனைத்து நிற அட்டைப் புத்தகத்தின் துளைகளுக்குப் பின்னால் வைத்து நிறம் பார்த்தேன். களி எவ்வளவு என்று அறிய, விரல்களுக்கிடையில் பிசைந்து ரிப்பனாக நீட்டிப் பார்த்தேன். கீழே போகப் போகக் களி கூடியது. இதுவரை எல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். இடுப்பளவு ஆழத்தில் சுவர் திடீரென்று வெளிறிப்போனது. வெள்ளை வெள்ளையாக, சுண்டைக்காய் அளவில் கற்கள் பதிந்திருந்தன. கொய்யா வேர்கள் அதுவரை நேராக வந்து, அந்த இடத்தில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பியிருந்தன.

அமில பாட்டிலை எடுத்து அங்கே சில சொட்டு விட்டேன். சர்ரென்று நுரைத்துப் பொங்கியது.

மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கத்தினார்: "பாத்தீகளா மேடம்! பொங்குது பாருங்க! உப்பு! நான் சொல்லல?"

"அய்யா, இது உப்பு இல்ல, சுண்ணாம்பு. சுக்கான் கல்லு."

"நீங்க படிச்சவுக. அவளுக்குப் பாவம் பாக்குறீக."

அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி. நாற்பது வயதிருக்கும், தலையில் துண்டு, கையில் ஒரு கிண்ணம். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டிக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். உள்ளே கல்லுப்பு.

"எங்க அய்யா பாத்தி வெட்டுன அளத்து உப்புதான் இது. அந்த மருந்த இதுல ஊத்துங்க மேடம். மச்சான் கண்ணால பாக்கட்டும்."

ஊற்றினேன். உப்பு நனைந்தது, அவ்வளவுதான். ஒரு குமிழி கூட எழவில்லை. பெரியவர் கிண்ணத்தை வாங்கி, ஆட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஒன்றுமில்லை. பிறகு அந்த வெள்ளைக் கல்லில் ஒன்றை எடுத்து அவர் கண்ணெதிரே சொட்டு விட்டேன். பொங்கியது.

அவர் சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "சரி, சுண்ணாம்பு இருக்கு. சுண்ணாம்பு இருந்தா உப்பு இல்லன்னு ஆயிருமா?" என்றார்.

நல்ல கேள்வி. என் வகுப்பில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஜீப்பில் உப்பளவு காட்டும் சிறு மீட்டர் இருந்தது. குழியின் ஒவ்வொரு அடுக்கிலும் மண்ணெடுத்து, சுத்தமான தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மீட்டரை முக்கினேன். ஒவ்வொரு முறையும் முள் பிடித்துத் தள்ளினாலும் நகராது போல அடிமட்டத்திலேயே நின்றது. கிண்ணத்து உப்பில் அமிலம் படாத ஒரு கல்லைத் தண்ணீரில் போட்டு அளந்தபோது எகிறியது. அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ அந்தப் பக்கமும் தோண்டிப் பாப்போம்" என்றார்.

தம்பி மனைவி போய் வேலிப் படலைத் திறந்துவிட்டார்.

அந்தப் பக்கத்துக் குழியில் மேலிருந்து அடிவரை சிவப்பும் களியும்தான். அடியில் கை வைத்தால் குளிர்ந்தது. எங்கே சொட்டு விட்டும் நுரை இல்லை. எனக்கு ஒரே ஆச்சரியம். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே செம்மண். கீழே இரண்டும் வேறு வேறு குடும்பம். சுக்கான் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் அந்த இடத்தை விட்டுப் போக எனக்கு மனமில்லை. முறுக்கு முறுக்காக மண்ணைத் துளைத்தெடுக்கும் ஆகர் கம்பியை எடுத்துக்கொண்டு, நடந்து நடந்து துளைத்துக் கொண்டே வந்தேன். பெரியவர் கம்பியின் ஒரு பக்கத்தைப் பிடித்து முறுக்கினார். தம்பி மனைவி பாட்டிலை வாங்கித் தானே சொட்டு விட ஆரம்பித்தார்.

எல்லை வேலியில் இருக்கும் என்று மூன்று பேருமே நினைத்திருந்தோம். இல்லை. வேலியைத் தாண்டி, தம்பி மனைவியின் பங்குக்குள் சில வரிசை தூரம் சுக்கான் ஓடியிருந்தது. அந்த இடத்தில் கொய்யாவே இல்லை; முருங்கை நின்றது.

"இங்கன மட்டும் ஏன் முருங்கை வச்ச?" என்று பெரியவர் கேட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் அந்தப் பெண்ணிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அந்த அம்மா தரையைப் பார்த்தார். "வச்ச கொய்யா எல்லாம் வெளுத்துப் போச்சு மச்சான். நீங்கதான் வேலி ஓரமா ஏதோ களைக்கொல்லி அடிச்சுட்டீகன்னு நெனச்சேன். உங்க தம்பிகிட்டகூடச் சொல்லல. புடுங்கிப் போட்டுட்டு முருங்கைக் கம்ப ஊனி விட்டேன்."

பெரியவர் ஆகர் கம்பியில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்தெடுத்தபடி நின்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இது எப்படி மேடம் இங்கன வந்து சேந்துச்சு?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மழைத் தண்ணீர் மேலேயுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கும். இந்த வெயிலில் அது அடி வரைக்கும் போகாது, பாதியிலேயே வற்றும். வற்றிய இடத்தில் சுண்ணாம்பு கல்லாக நின்றுவிடும். அதில் வேர் பட்டால் கொய்யாவுக்கு இரும்புச்சத்து ஏறாது, இலை வெளுக்கும்.

"அது சரி. அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஏன் வரல?"

"அது தெரியலய்யா" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. சரிவு காரணமா, அடியில் கிடக்கும் பாறையே வேறா என்று அறிய மேட்டில் இன்னொரு குழி வெட்டச் சொன்னேன். அதுவும் தெளிவான விடை தரவில்லை.

அலுவலகத்தில் வரைபடம் போட்டபோது ஒரு சங்கடம். எங்கள் வரைபட அளவில் அந்தத் தோட்டம் ஒரு புள்ளி. இரண்டு மண்ணையும் தனித்தனியாகக் காட்ட இடமில்லை. கலந்து கிடக்கும் மண் என்று ஒரே நிறம் பூசினோம். அந்த நிறத்தைப் பார்க்கும் யாருக்கும் உள்ளே ஒரு எல்லை ஓடுவது தெரியாது.

மழைக்குப் பிறகு அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். சுக்கானைத் தாங்கும் மரமாக வைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்; அதன்படி பெரியவர் வெளுத்த கொய்யாவைப் பிடுங்கிவிட்டுச் சீத்தா வைத்திருந்தார். கன்றுகள் துளிர்த்திருந்தன. வேலி அப்படியே இருந்தது; படல் மட்டும் திறந்து கிடந்தது. தம்பி மனைவி டீ போட்டுக் கொண்டுவந்தார். பெரியவர் டீயைக் குடித்துக்கொண்டே, ஊருக்குக் கிழக்கே அவருக்கு இன்னொரு துண்டு நிலம் இருப்பதாகச் சொன்னார்.

"அதுலயும் ஒரு குழி போட்டுப் பாப்பமா மேடம்? ஒண்ணும் வெளுக்கல. நல்லாத்தான் இருக்கு. சும்மா, உள்ள என்ன இருக்குன்னு பாக்கத்தான்."

ஜீப்பில் மண்வெட்டி இருந்தது. மூன்று பேரும் கிளம்பினோம்.