முப்பத்தொரு கிலோமீட்டர் நடந்த பிள்ளைகள்

தேவராஜ மொஹல்லா பேட்டையில எங்க ஆபீஸ் மாடியில... கீழே பூக்கடை. ஜன்னலைத் திறந்தா மல்லிகை வாசம், மூடினா சூடான கம்ப்யூட்டர் வாசம். ரெண்டுக்கும் நடுவுல நான், புது சட்டையும் ஓவர் கான்ஃபிடன்ஸுமா.

கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல எடுத்த சர்வே ஃபாரங்களை சாஃப்ட்வேர்ல ஏத்தி, கணக்குப் போட்டு, ரிப்போர்ட் தர்றது என் வேலை. ஃபாரம் எழுதிட்டு வர்றது ஸ்டெல்லா அக்கா. முன்னாள் டீச்சர். அவங்க செருப்பு போகாத ஊர் கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாசம். இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுதான் வேலை நிரந்தரமா இல்லையான்னு சொல்லுவேன்னு எங்க பாஸ் ராவ் சார் சொல்லிட்டார். அன்னிக்கு மத்தியானம் ரிப்போர்ட்டைப் பார்க்க பெங்களூர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. பைண்ட் பண்ணி சார் மேஜையில வெச்சாச்சு.

பெருமை தாங்காம அக்காகிட்ட ஒரு காப்பி நீட்டினேன். ஹனூர் கிராமங்களோட கணக்கு இருந்த பக்கத்துல அவங்க விரல் நின்னுது.

"தம்பி, வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் முப்பத்தொரு கிலோமீட்டரா? புள்ளைங்க பாலாறு செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டுலல்ல போய் நிக்கும்?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுக்கா"ன்னேன்.

"அது அந்த ஊருக்குப் போச்சா?"

ஃபைலைத் திறந்தோம். தூரம் தெரியாதுன்னு சொன்ன பிள்ளைக்கு 99னு குறிக்கறது எங்க வழக்கம். அது பதில் இல்லன்னு சாஃப்ட்வேர்கிட்ட முன்னாடியே சொல்லி வைக்கணும். மகாராஜா நான், சொல்லல. அது, தூரம் தெரியாத பிள்ளைங்க அத்தனை பேரையும் தொண்ணூத்தொன்பது கிலோமீட்டர் நடக்க விட்டு ஆவரேஜ் எடுத்திருச்சு.

அக்கா நேரா சார் ரூமுக்குள்ள போனாங்க. நான் வெளியில காலண்டரை ஆராய்ச்சி பண்ற மாதிரி நின்னு ஒட்டுக்கேட்டேன்.

"சார், தூரம் எழுதற இடத்துல நான் தப்பு பண்ணிட்டேன். ரெண்டு மணி நேரம் குடுங்க."

"ஏன்ரீ ஸ்டெல்லா, நீவே ஹீகே மாடிதரே?" நீங்களே இப்படிப் பண்ணலாமான்னு ஆரம்பிச்சவர், கன்னடத்துல பத்து நிமிஷம் நிறுத்தல. பொய்னா முகம் சுளிக்கிற மனுஷி, கடைசி வரைக்கும் என் பேரை இழுக்கல.

வெளியில வந்து, "ஞாயித்துக்கிழமை சர்ச்ல மன்னிப்பு கேட்டுக்கறேன். நீ வேலையப் பாரு"ன்னாங்க.

மறுபடி போட்டோம். ரெண்டரை கிலோமீட்டர் வந்துது. பெங்களூர்காரங்க தலையாட்டினாங்க. அடுத்த வாரம் வேலை நிரந்தரம்னு என் ஆர்டர் கைக்கு வந்துது.

ஊர்ல யார் ரகசியமும் என் வாயில ஒரு நாள் தங்காது. இதை மட்டும் இத்தனை வருஷம் அடக்கி வெச்சேன்... அக்கா ரிட்டயர் ஆயாச்சு. ராவ் சார் ஃபேஸ்புக்ல இருக்கார். படிச்சா படிக்கட்டும்.

இப்போ ஹெப்பாள் பக்கம் ஏசி ஆபீஸ். புது சாஃப்ட்வேர் ஃபைலைத் திறந்ததுமே இந்த மாதிரி கோளாறையெல்லாம் மஞ்சள் பூசிக் காட்டிடுது. ரொம்ப நல்லது. நான் மெனு மெனுவா தேடிப் பார்த்துட்டேன்... அடுத்தவன் பழியைத் தன் தலையில போட்டுக்கற ஆப்ஷனை மட்டும் இன்னும் எவனும் வைக்கல.