செவ்வாய்க்கிழமைகளில் சீக்கிரம் கிளம்பியவர்

எங்கள் அலுவலகக் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். யார் எப்போது வந்தார், எப்போது போனார் எல்லாம் பதிவாகும். அந்தப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைக் கண்டுபிடித்து, அடுத்து யார் வேலையை விடுவார் என்று முன்கூட்டியே சொல்லும் நிரலை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பெங்களூரில் ஆட்களைத் தக்கவைப்பதே பெரும்பாடு என்பதால் மேலாளருக்கு இதில் அப்படி ஓர் ஆசை. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

பழைய பதிவுகளில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வேலையை விட்ட பலர், அதற்கு முந்தைய மாதங்களில் வாரத்தில் ஒரே நாளில் சீக்கிரம் கிளம்பியிருந்தார்கள். இன்டர்வியூவுக்குத்தான், வேறென்ன.

நிரலை இப்போதைய பதிவுகளில் ஓடவிட்டேன். முதலில் வந்து நின்ற அட்டை எண்ணுக்குரியவர், செவ்வாய்தோறும் சீக்கிரம் கிளம்பியிருந்தார். பெயர்களை மறைத்து எண்களை மட்டும்தான் என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் என் பக்கத்து நாற்காலி செவ்வாய்தோறும் காலியாவது எனக்குத் தெரியாதா? ஜோகுபாளையத்திலிருந்து வரும் அக்கா. எனக்குக் கரு கலைந்து நான் விடுப்பில் இருந்தபோது என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நிரலின் சோதனை கெட்டுவிடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு அறிக்கையை அனுப்பினேன்.

மேலிடத்தில் அந்த எண்ணுக்குரிய பெயரைப் பார்த்து, போகப்போகிறவருக்கு எதற்கு என்று, அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அக்கா மனம் நொந்து ராஜினாமா செய்தார். நிரல் சொன்னது அப்படியே பலித்துவிட்டது என்று மேலாளர் என்னைப் பாராட்டினார். 

அவருடைய கடைசி நாளில் கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, வேறு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். தேடவே இல்லை என்றார். அப்படியானால் செவ்வாய்க்கிழமைகளில் எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"சர்ச்சுக்கு, நொவேனா ஜெபத்துக்கு பா. லீவ் முடிஞ்சு அழுதுகினே வந்தியே, அந்த வாரம் நேர்ந்துக்கினேன். உனக்கு ஒரு கொழந்த தங்கணும்னு."

என் விடுப்பும் அதே பதிவுகளில்தான் இருந்தது. அது முடிந்த வாரத்தில்தான் அவருடைய செவ்வாய்கள் தொடங்கின. ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பார்த்த எனக்கு அது தெரியவே இல்லை. வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை.

அவர் என் முன்னாலிருந்த பால் டம்ளரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நீ காபி நிறுத்துனப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நீயா சொல்ற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்."

அந்த அறிக்கையை எழுதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பால் ஆறிவிடும், முதலில் குடி என்றார். குடித்தேன்.