ஏழு இருபத்தைந்து

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, இணையத்தில் எங்கள் நகர வானொலியைத் திறந்தேன். ஒரு காதல் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் மறுபடி அதே பாட்டு. ஐந்தாவது முறையும் அதுவே வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரில் இலை அசைந்தாலும் புயல்தான். கட்டடம் தீப்பிடித்து எல்லோரும் ஓடிவிட்டார்கள், இயந்திரம் மட்டும் பாடிக்கொண்டிருக்கிறது என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போன் போட்டேன். அத்தைதான் எடுத்தாள்.

“யாரும் சாகல மருமகளே. புது மாப்பிள்ளை வந்திருக்கார், அவ்வளவுதான்.”

அத்தை என் அப்பாவின் தங்கை. அந்த நிலையத்தில் முப்பத்தோரு வருடமாகத் தொலைபேசி ஆபரேட்டர். புதிதாக வரும் மேலாளர் ஒவ்வொருவரும் முதல் நாள் சிரித்துக்கொண்டே வந்து, மறுநாளே வீட்டைத் தலைகீழாக்கச் சொல்வதால் அவளுக்கு எல்லோருமே புது மாப்பிள்ளைகள். இவர் ஆறாவது.

முதல் மாப்பிள்ளை காலத்தில் செய்தி, நாடகம், காய்கறி விலை எல்லாம் உண்டு. இரண்டாமவர் பழைய பாட்டு மட்டும் போதும் என்றார். மூன்றாமவருக்குப் பாட்டே ஆகாது, இருபத்துநாலு மணி நேரமும் பேச்சு. பத்து நேயர்களை ஒரே நேரத்தில் தொலைபேசியில் கோத்துச் சண்டை போட வைக்க ஒரு பெட்டி வாங்கினார். ஊர் சண்டை போட்டு ஓய்ந்ததும் நாலாமவர் வந்து விளையாட்டு என்றார். பெட்டி அத்தையின் மேசைக்கடியில் போய்ச் சேர்ந்தது. கால் வைக்க வாகான உயரம். ஐந்தாமவர் காதல் பாட்டுக்காரர். வாசல் பலகை இத்தனை முறை மாறியும் அத்தையின் நாற்காலிக்குப் பஞ்சு மட்டும்தான் ஒருமுறை மாறியது.

காலை ஏழு இருபத்தைந்தும் மாறவில்லை. முதல் மாப்பிள்ளை இருந்தபோது ஒரு மழைநாளில் செய்தி வாசிப்பவர் வந்து சேரவில்லை. இரண்டு நிமிடத்தை நிரப்ப அத்தையைப் பிடித்து மைக் முன்னால் உட்கார வைத்தார்கள். அவள் கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு: பஸ்ஸில் ஒரு சாவிக்கொத்து கிடைத்ததாக ஒரு கண்டக்டர் போனில் சொன்னது. அதையே வாசித்தாள். ஒன்பது மணிக்குள் சாவிக்காரர் மூச்சிரைக்க வந்துவிட்டார். பிறகு தினமும் அதே நேரத்தில் குடை, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை பல்செட். பின்னால் வந்த ஒவ்வொருவரும் அந்த இரண்டு நிமிடத்தைப் பிடுங்கப் பார்த்தார்கள். விளையாட்டு வானொலியில் குடைக்கு என்ன வேலை என்று கேட்டவரிடம், “மைதானத்துலதான் சார் நிறையத் தொலையுது” என்றாளாம்.

ஆறாமவரிடம் அது பலிக்கவில்லை. திங்கள் முதல் கம்ப்யூட்டரே புதுப் பாட்டாகப் போடும். மனிதக் குரல் கிடையாது. அதற்கு முன் மூன்று நாள் ஒரே பாட்டு. பழைய நேயர்கள் வெறுத்துப்போய் ஓடிவிட வேண்டும், காலி வீட்டில்தான் புதுக் குடித்தனம் என்பது அந்தத் தொழிலில் ஒரு முறையாம். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று நான் இரண்டு மொழியிலும் யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தை “விரட்டுப் பாட்டு” என்று முடித்துவிட்டாள். யார் போன் செய்தாலும் திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கச் சொல்ல வேண்டும், வேறு எதுவும் பேசக் கூடாது என்பது உத்தரவு.

“ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம்தான் அத்தை. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க.”

“அந்த வாய்க்குத்தான்டி சம்பளமே.”

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பஸ் டிரைவர் போன் செய்தார். கடைசி சீட்டில் காது மெஷின் ஒன்று கிடந்ததாம்.

“நாளைக்கு ஏழு இருபத்தஞ்சுல சொல்லிடுங்கக்கா.”

“காது மெஷினைத் தொலைச்ச மனுஷனுக்கு ரேடியோ எப்படிப்பா கேக்கும்?”

“அவர் வீட்டுல ஒருத்தருக்குமா காது இருக்காது?”

அத்தைக்கு அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. ஞாயிறு காலை ஸ்டூடியோவுக்குள் போனாள். அங்கே இருந்தவர் டெக்னீஷியன், எல்லோருக்கும் ஃப்யூஸ் அண்ணன்.

“நான் டீ குடிக்கப் போறேன்க்கா,” என்று எழுந்தார். “இந்தக் குமிழை இறக்கினா பாட்டு நிக்கும். பக்கத்துல இருக்கறதை ஏத்தினா மைக்கு. இதையெல்லாம் நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல.”

எனக்கு இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். இரண்டு நாளாக உருகிக்கொண்டிருந்த அந்தக் காதலன் பாதி வார்த்தையில் அடங்கினான். சத்தத்தைக் கூட்டினேன்.

“மணி ஏழு இருபத்தைந்து. காது மெஷின் ஒன்று கிடைத்திருக்கிறது. வலது காதுக்கானது. உங்கள் வீட்டில் யாராவது வழக்கத்துக்கு மாறாக நிம்மதியாக இருந்தால் விசாரியுங்கள்.”

பத்தே நிமிடத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். “எங்க மாமனாரோடதுதாங்க. இந்தப் பாட்டு கேக்காம மனுஷன் ஆனந்தமா இருந்தார். கெடுத்துட்டீங்களே!”

எட்டு மணிக்கு மேலாளர் தலைகூட வாராமல் வந்து நின்றார்.

“யாரைக் கேட்டு மேடம் பேசினீங்க? இந்த மூணு நாளும் யாருமே கேக்கக் கூடாதுங்கறதுதானே திட்டம்!”

“யாரும் கேக்கலைன்னா நான் பேசினதுல உங்களுக்கு என்ன சார் போச்சு? கேக்கறவங்க இருக்காங்கன்னா, அவங்ககிட்ட பேசாம செவுத்துகிட்டயா பேசறது?”

“சஸ்பெண்ட் ஆர்டர் அடிக்க வேண்டி வரும்.”

“அடிங்க. காரணம்னு ஒரு வரி வரும்ல, அதுல காது மெஷின்னு போடுங்க. நான் ஃப்ரேம் போட்டு இந்த மேசையிலேயே வைக்கிறேன்.”

அவர் அடிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஸ்டூடியோ கதவுக்கு எண் பூட்டு வந்துவிட்டது. எண்ணை ஃப்யூஸ் அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை.

திங்கள் காலை புதுப் பாட்டு அதிர ஆரம்பித்தது. ஏழு இருபது தாண்டியதும் போன் அடித்தது.

“என்னக்கா, இன்னிக்கு இல்லையா?”

“லைன்லயே இருங்க.”

அடுத்த போனுக்கும் அதே பதில். மூன்றாவது வந்தபோது அத்தை குனிந்து, காலடியில் இருந்த பெட்டியை இழுத்துத் தூசி தட்டி இணைத்தாள். அடுத்தடுத்து வந்தவர்களையும் சேர்த்துப் பத்து பேர் ஒன்றாகக் கோக்கப்பட்டார்கள்.

“மணி ஏழு இருபத்தைந்து. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், யாரும் சண்டை போடக் கூடாது.” பிறகு பட்டியலை வாசித்தாள்.

தொலைபேசி ஆபரேட்டர் தொலைபேசியில் பேசக் கூடாது என்று எந்த மாப்பிள்ளையாலும் உத்தரவு போட முடியவில்லை. விளம்பரக்காரர்கள் கூப்பிடுவதால் லைனை வெட்டவும் முடியாது. கேட்ட பத்து பேரும் தெருவுக்குத் தெரு சொல்ல, இப்போது அந்த இரண்டு நிமிடத்தில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. ஒருநாள் வண்டி பாதி வழியில் நின்றுபோய் மேலாளரே கூப்பிட்டிருக்கிறார். எங்கேஜ்டு.

போன வாரம் எனக்கு எப்படியோ பத்தாவது இடம் கிடைத்துவிட்டது. பட்டியலை முடித்துவிட்டு அத்தை கேட்டாள்: “கடைசியா சேர்ந்தது யாரு? என்ன தொலைச்சீங்க?”

“நான்தான் அத்தை. ஒண்ணும் தொலைக்கல. நீங்க நல்லா இருக்கீங்களான்னுதான்...”

“நல்லாத்தான் இருக்கேன். வை போனை. குடையைத் தொலைச்சவர் லைன் கிடைக்காம நிக்கறார்.”