இரண்டாவது தடவை லிஸ்டில் இல்லை

விமானம் பாதி வழியில் திரும்பி வந்த மூன்றாம் நாள் எங்கள் ஊரான உத்திரமேரூருக்குப் போனேன். எனக்கு முன்பே செய்தி அங்கே போயிருந்தது. நடுவானில் கரண்ட் போனது, கேப்டன் சாமர்த்தியமாகக் காப்பாற்றினார் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். அந்த விமானத்தின் துணை விமானி நான்.

கம்பெனியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். மறுபடி பறக்கத் தயாரா, இல்லை விடுப்பு வேண்டுமா என்று அன்று மாலைக்குள் போனிலேயே பதில் அனுப்ப வேண்டும். 'தயார்' என்றால் திங்கட்கிழமை வேலை. என் பதில் எனக்குத் தெரியும். வீட்டில் வேறு பதில் வைத்திருந்தார்கள்.

பெரியப்பா நாஷ்டாவுக்கே வந்துவிட்டார்.

"ஏனாத்தூர் காலேஜ்ல ஒரு வேலை கீது. சொல்லி வச்சிட்டேன். மேல போயி இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கினு கீற?"

"யாரைக் கேட்டு சொல்லி வச்சீங்க?"

"உங்க நைனாவத்தான்."

அப்பா இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சட்னிக் கிண்ணத்தை என் முன்னால் நகர்த்தினாள். "நீ மேல கீறன்னா எனக்கு சோறு எறங்கல. ஒரு மாசம் லீவாவது போடு."

"கேப்டன் இருந்தாரு, பொழச்ச. இல்லன்னா இன்னா பண்ணியிருப்ப?" என்றார் பெரியப்பா.

அதுவரை பொறுமையாகத்தான் இருந்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் முழுப் பதில் சொல்வது என்று முடிவு செய்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

சென்னையை விட்டு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. நல்ல வெயில். இடது என்ஜினின் ஜெனரேட்டர் நின்றது. வலது பக்கத்திலிருந்து தானாக வர வேண்டிய மின்சாரமும் வரவில்லை. கேப்டனின் திரைகள் அத்தனையும் கறுத்துப்போயின. என் திரைகள் வலது ஜெனரேட்டரில் ஓடுபவை, அவை அணையவில்லை. "நீ ஓட்டு" என்றார். "நான் ஓட்டுகிறேன்" என்றேன். இதை இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் ஒருவர் ஓட்டுவார். மற்றவர் அந்தக் கோளாறுக்கென்று அச்சிட்டு வைத்திருக்கும் பட்டியலை உரக்கப் படித்து, சொன்ன ஸ்விட்சை மட்டும் தொடுவார்.

பட்டியலின் முதல் வரி: ஜெனரேட்டரை ஒரு தடவை அணைத்துப் போடவும். போட்டார். வரவில்லை. அடுத்த வரி: அணைத்தே விடவும். ஆனால் அவர் கை மறுபடி அதே ஸ்விட்சுக்குப் போனது.

"சார், ஒரு தடவைதான் இருக்கிறது."

"இருபது வருஷமாக ஓட்டுகிறேன். இன்னொரு தடவை போட்டால் வந்துவிடும்."

"இரண்டாவது தடவை லிஸ்டில் இல்லை. அடுத்த வரி படியுங்கள், சார்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் கை இறங்கியது. ஸ்விட்சை அணைத்துவிட்டு அடுத்த வரியைப் படித்தார். அவர் பக்கத்துக்கு வேறு வழியில் மின்சாரம் கொடுக்கும் பட்டன் அது. அழுத்தினார். அவர் திரைகள் ஒவ்வொன்றாக வந்தன. மாற்று மின்சாரத்துக்காக வால் பக்கத்துச் சின்ன என்ஜினையும் ஓட விட்டார். திரும்பிச் சென்னைக்கே வந்தோம். தரையிறக்கியதும் நான்தான், கையை மாற்ற வேண்டாம் என்று அவரே சொன்னார்.

"இன்னொரு தபா போட்டா இன்னா கெட்டுப்போச்சு? மனுசன் மெஷினாண்ட அப்டித்தான் பண்ணுவான்" என்றார் பெரியப்பா.

"போன தை மாசம் மோட்டார் கொட்டாய்ல நீங்க பண்ணீங்களே, அது மாதிரியா? பீஸ் போச்சுன்னு மறுபடி மறுபடி பீஸ் கட்டையை மாட்டினீங்க. எதுக்குப் போச்சுன்னு ஒரு தடவ பார்க்கல. மூணாவது தடவ மோட்டாரே புகைஞ்சிடுச்சு."

அப்பாவுக்குப் புரை ஏறியது. சிரிப்பை இட்லியோடு விழுங்கப் பார்த்திருக்கிறார். "நாந்தான் அண்ணே அன்னிக்கே சொன்னேன், போடாதன்னு."

"எங்க சொன்ன? நீதான கட்டைய எடுத்துக் குடுத்த!"

"மோட்டார் கீழ கீது, எரிஞ்சா வேற கட்டிக்கலாம்" என்று அப்பா என் பக்கம் திரும்பினார். "அங்க எரிஞ்சா இன்னா பண்றது?"

"அதுக்குத்தான் கேப்டன்கிட்ட வேணாம்னு சொன்னேன்."

பெரியப்பா எழுந்து கை கழுவினார். "பெரியவங்கள எதுத்துப் பேச நல்லாத்தான் கத்துக் குடுத்துக்கீறானுங்க."

"ஆமாம் பெரியப்பா. அங்க பேசாம இருந்தாதான் வேலை போகும்."

"காலேஜ்காரனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன். நம்பர் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா பின்னாலேயே வாசல் வரை போனார். அவரைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை, என்னை ஏதும் சொல்லவும் இல்லை. எனக்கு அது போதும்.

சாப்பிட்ட இடத்திலேயே போனை எடுத்தேன். பயமாக இருந்ததா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'இருந்தது. பட்டியலைப் படிக்கும்போதும் இருந்தது' என்று எழுதினேன். கீழே 'தயார்' என்ற கட்டத்தைத் தொட்டேன்.

"அனுப்பிட்டியா?" என்றாள் அம்மா.

"அனுப்பிட்டேன்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திங்கட்கிழமை விடியற்காலை செங்கல்பட்டு பஸ்ஸில் என்னை ஏற்றிவிடும்வரை அவள் என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.